ரேடான் எங்கே பிறக்கிறது, வீட்டுக்குள் எப்படி வருகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "ரேடான் ஒரு மந்த வாயு, எதனோடும் வினைபுரியாது என்கிறார்கள். காற்றைவிட ஏழெட்டு மடங்கு கனம். நான்கு நாளில் பாதி அழிந்துவிடும். இப்படிப்பட்ட வாயு மனிதனை என்ன செய்துவிட முடியும்? அது எங்கிருந்து வருகிறது? எங்கள் அடுப்படியில் கிரானைட் பதித்திருக்கிறோம், பயப்பட வேண்டுமா?"

கேள்வியில் சொன்ன மூன்று குணங்களும் சரிதான். ஆனால் அவற்றில் இரண்டுதான் ரேடானை நம் மூச்சுக்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன. எதனோடும் வினைபுரியாததால் மண்ணில் எதுவும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஆயுள் சில நாட்கள் என்பதால் மண்ணுக்கு அடியிலிருந்து வெளியே வர அதற்கு நேரம் கிடைக்கிறது. வந்த பிறகு, வெகுதூரம் போவதற்குள், நம் பக்கத்திலேயே சிதைந்தும் விடுகிறது. மூன்றாவது குணமான கனத்துக்கு இதில் ஏறக்குறைய வேலையே இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நான் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ரேடானைப் பற்றி ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் 3.82 நாள் என்ற அதன் அரை ஆயுளை, அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலத்தை, வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் மாணவர்களிடம் சொல்வேன்.

முதலில் பிறப்பு. யுரேனியம் என்றால் எங்கோ சுரங்கத்தில் மட்டும் கிடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது எல்லா மண்ணிலும் எல்லாப் பாறையிலும் துளித்துளியாக இருக்கிறது. பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்குக்கு ஏறக்குறைய மூன்று பங்கு. யுரேனியம்-238இன் அரை ஆயுள் 447 கோடி ஆண்டு. பூமியின் வயதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், அதனால் பூமி உருவானபோது இருந்ததில் பாதி இன்னும் அப்படியே மிச்சம் இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து ரேடியம்-226 ஆகிறது. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. ஒரு ரேடியம் அணு ஓர் ஆல்ஃபா துகளை (ஹீலியம் அணுவின் கருதான் அது) வீசியதும் மிஞ்சுவது ரேடான்-222. இந்த வம்சத்தில் ரேடானுக்கு முன்னால் வருபவை எல்லாம் உலோகம், பின்னால் பெருமளவில் வருபவையும் உலோகம். நடுவில் இது ஒன்றுதான் வாயு. பாறைக்குள் தலைமுறை தலைமுறையாக அடைந்து கிடந்த ஒரு குடும்பத்தில் ஊரைவிட்டுக் கிளம்பக்கூடிய ஒரே பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம்.

உலகின் சாதாரண மண்ணில் கிலோவுக்குச் சுமார் 35 பெக்கரல் ரேடியம் இருக்கிறது. ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது என்று பொருள். அப்படியானால் நீங்கள் அள்ளும் ஒவ்வொரு கிலோ மண்ணிலும் ஒவ்வொரு நொடியும் முப்பத்தைந்து ரேடான் அணுக்கள் பிறக்கின்றன. எல்லாம் வெளியே வந்துவிடுவதில்லை. பிறக்கும்போது, ஆல்ஃபா துகள் ஒரு பக்கம் பாய்வதால், துப்பாக்கி பின்னால் உதைப்பதுபோல் ரேடான் அணு எதிர்ப்பக்கம் உதைக்கப்படுகிறது. அந்த உதையில் கனிமத்துக்குள் அது நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மணல் துகளின் விளிம்பை ஒட்டிப் பிறந்த அணுவுக்கு மட்டுமே தப்பிக்க வழி உண்டு. ஆழத்தில் பிறந்தது அங்கேயே முடிந்துபோகும்.

இங்கே தண்ணீர் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது. மண் முழுக்கக் காய்ந்திருந்தால், ஒரு துகளிலிருந்து உதைத்து வெளியேறிய ரேடான் அணு இடைவெளியைத் தாண்டிப்போய் எதிரே உள்ள துகளிலேயே குத்தி மாட்டிக்கொள்ளும். இடைவெளியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் அந்த நீர் அதன் வேகத்தை அடக்கி இடைவெளியிலேயே நிறுத்திவிடும். அங்கிருந்து அது காற்றுக்கு வந்துவிடலாம். அதனால் லேசான ஈரமுள்ள மண், காய்ந்த மண்ணைவிட அதிக ரேடானை விடுவிக்கும். அதே மண் முழுக்க நீரில் ஊறிவிட்டால் கதை தலைகீழ். வழியெல்லாம் அடைபட்டு, ரேடான் மேலே வரவே முடியாது.

மண் துளைகளில் உள்ள காற்றை உறிஞ்சி அளந்தால் ஒரு கன மீட்டருக்குப் பத்தாயிரம், ஐம்பதாயிரம் பெக்கரல் என்று சர்வசாதாரணமாக இருக்கும். வெளியே திறந்த வெளியில் அதே அளவுக் காற்றில் 5 முதல் 15 வரைதான். தரைக்கு ஒரு மீட்டர் கீழே அவ்வளவு, ஒரு மீட்டர் மேலே இவ்வளவு. இந்த ஏற்றத்தாழ்வுக்கு நடுவில்தான் நாம் அஸ்திவாரம் போட்டு வீடு கட்டுகிறோம்.

ரேடானுக்கு இரண்டு சகோதரர்கள் உண்டு. தோரியம் வம்சத்தில் பிறப்பது ரேடான்-220, அதைத் தோரான் என்பார்கள், அரை ஆயுள் 55.6 நொடி. யுரேனியம்-235 வம்சத்தில் பிறப்பது ரேடான்-219, அது நான்கு நொடிகூடத் தாங்காது. வேதியியல்படி மூன்றும் ஒன்றேதான். ஆனால் மண்ணுக்குள் ரேடான்-222 தன் ஆயுளுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் ஊர்ந்துவிடும், தோரானோ ஓரிரண்டு சென்டிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். மண்ணில் தோரியம் யுரேனியத்தைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம் இருந்தும் வீடுகளில் ரேடான்-222தான் பெரிய பிரச்சினையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

வரலாற்றில் முதலில் பிடிபட்டது என்னவோ தோரான்தான். 1899இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்டோடு வேலை பார்த்த ஓவன்ஸ், தோரியம் சேர்மங்களின் கதிரியக்கத்தை அளந்துகொண்டிருந்தார். அளவு ஒரு நிலையில் நிற்கவில்லை. கதவைத் திறந்து காற்று அடித்தால் குறைந்தது, மூடினால் மறுபடி ஏறியது. கதிர் என்றால் காற்றுக்கு அசைந்துகொடுக்குமா? கொடுக்காது. அப்படியானால் தோரியத்திலிருந்து ஏதோ ஒரு வாயு கிளம்புகிறது, காற்று அதைத்தான் அடித்துக்கொண்டு போகிறது என்று ரூதர்ஃபோர்டு முடிவுக்கு வந்தார். மறு ஆண்டு, 1900இல், ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃப்ரீட்ரிஷ் எர்ன்ஸ்ட் டோர்ன், ரேடியத்திலிருந்தும் இப்படி ஒரு வாயு வருவதைக் கண்டார். அதுதான் நம் ரேடான்-222.

ரூதர்ஃபோர்டு பார்த்ததை நம்மூர்ப் பொருளை வைத்தே காட்டலாம். பெட்ரோமாக்ஸ் விளக்கின் பழைய மேன்டில், அதாவது சூட்டில் ஒளிரும் வலைப்பை, தோரியம் ஆக்சைடால் ஆனது. கொஞ்சம் சீரியம் தவிர ஏறக்குறைய முழுக்க அதுதான். அந்த மேன்டிலை ஒரு மூடிய பாட்டிலில் போட்டு, உள்ளிருக்கும் காற்றை மட்டும் வெளியே இழுத்து அளந்தால், கதிரியக்கம் நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். வகுப்பில் இதைச் செய்துகாட்டும்போது, பின்வரிசைப் பையன்கள்கூடக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஒரு தனிமம் கண்முன்னால் இறந்துகொண்டிருக்கிறது என்பதை உணர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அந்த மேன்டில் தொழிலுக்கும் எங்கள் பக்கத்துக் கடற்கரைக்கும் நேரடி உறவு இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைப் பார்த்தார். மணவாளக்குறிச்சி மணலைத் தேடி ஆட்கள் வந்தது அதன் பிறகுதான். மோனசைட்டில் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு தோரியம் ஆக்சைடு உண்டு. ஆக, கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலும் அதற்கு வடக்கே கேரளத்தின் சவரா பக்கத்திலும் தரையை ஒட்டித் தோரான் இருக்கிறது. ஆனால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம் என்று சொல்லும்போது முக்கியமாகக் குறிப்பது மணலிலிருந்து நேராக வரும் காமாக் கதிரை. அது ரேடானைப் போல மூச்சில் போகும் சமாச்சாரம் இல்லை, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சரி, குணங்கள். அணு எண் 86. நிறம், மணம், சுவை எதுவும் இல்லை. மந்த வாயுக் குடும்பத்தில் இயற்கையில் கிடைப்பவற்றில் மிகக் கனமானது. சாதாரண அழுத்தத்தில், சுழி டிகிரியில், ஒரு லிட்டர் 9.7 கிராம். மைனஸ் 62 டிகிரியில் திரவமாகும், மைனஸ் 71இல் உறையும். உறைந்த ரேடான் தன் கதிரியக்கத்தாலேயே ஒளிரும், முதலில் மஞ்சளாக, இன்னும் குளிர்ந்தால் செம்மஞ்சளாக. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் மிகச் சிலர், ஏனென்றால் பார்க்கும் அளவுக்கு ரேடான் சேர்வதே அரிது. ஒரு கிராம் ரேடியத்தை மூடிவைத்து ஒரு மாதம் காத்திருந்தாலும் மேலே சேரும் ரேடான் ஒரு கன மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்கு மேல் சேராது, பிறக்கும் வேகமும் சாகும் வேகமும் சமமாகிவிடும். அப்படி இருந்தும் 1910இல் ராம்சேயும் விட்லா கிரேயும் 0.1 கன மில்லிமீட்டருக்கும் குறைவான ரேடானை எடை போட்டு, அணு எடை 220க்குக் கொஞ்சம் மேல் என்று சொன்னார்கள். இன்றைக்கும் வியக்க வைக்கும் கைவேலை அது. ஒளிர்வதால் அதற்கு நைட்டான் என்று பெயரிட்டார்கள். ரேடான் என்ற பெயர் 1923இல்தான் நிலைத்தது.

எதனோடும் வினைபுரியாது என்பதற்கும் விதிவிலக்கு உண்டு. 1962இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் ஃபுளோரினோடு சேர்த்து ரேடான் ஃபுளோரைடு செய்துவிட்டார்கள். அது ஆய்வக விஷயம், நம் வீட்டுக்கு வராது. நமக்கு வேண்டிய குணங்கள் வேறு இரண்டு. ஒன்று, ரேடான் தண்ணீரில் ஓரளவு கரையும், மற்ற மந்த வாயுக்களைவிட அதிகமாகவே. குளிர்ந்த நீரில் கூடுதலாகக் கரைந்து, நீரைச் சூடாக்கினால் வெளியேறும். பாறைக்குள் ஆழ்துளை போட்டு எடுக்கும் நீரில் ரேடான் இருப்பது இதனால்தான். பின்லாந்தின் கிரானைட் பகுதிக் கிணறுகளில் இது நன்கு அறியப்பட்ட பிரச்சினை. அதைக் குடிப்பதைவிட, குளிக்கும்போது காற்றில் கலப்பதுதான் கவனிக்கவேண்டியது. நீரைக் கொட்டிக் கலக்கிக் காற்றோட்டமாக வைத்தாலே பெரும்பகுதி போய்விடும். இன்னொன்று, செயலூட்டிய கரி அதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ரேடானை அளக்கும் ஒருவகைக் கருவி வெறும் கரி அடைத்த டப்பாதான்.

இப்போது கனத்துக்கு வருவோம். ரேடான் கனமானது, அதனால் கீழே தேங்கி நிற்கும், தரையில் படுப்பவர்களுக்கு ஆபத்து என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கணக்குப் போட்டால் இது விழுந்துவிடும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி என்று ஓர் அறை. உலக வீடுகளின் சராசரியான, கன மீட்டருக்கு 40 பெக்கரல் அளவு ரேடான் அதில் இருக்கட்டும். நொடிக்குச் சுமார் 1,100 அணுக்கள் சிதையும். மொத்தமாக அறையில் இருப்பது ஏறக்குறைய 54 கோடி ரேடான் அணுக்கள். பெரிய எண்போலத் தெரியும். ஆனால் அதே அறையில் பத்தாயிரம் கோடி கோடி காற்று மூலக்கூறுகளுக்கு ஒரு ரேடான் அணு என்ற விகிதம்தான் வரும். எல்லா ரேடானையும் திரட்டினால் ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தேறாது. இவ்வளவு நீர்த்துப்போன ஓர் அணு, காற்று மூலக்கூறுகளிடம் எல்லாப் பக்கமும் இடிபட்டுக் காற்றோடு காற்றாக அலையும். கரியமில வாயுவும் காற்றைவிடக் கனம்தான், அது தரையில் படிந்து நின்று நம்மை மூச்சுமுட்ட வைக்கிறதா? தரைத்தளத்திலும் நிலவறையிலும் ரேடான் அதிகம் என்பது உண்மை. அதற்குக் காரணம் எடை இல்லை, அது வரும் இடம் பக்கத்தில் இருப்பதுதான்.

எப்படி உள்ளே வருகிறது? வீட்டுக்குள் காற்றழுத்தம் மண்ணுக்குள் இருப்பதைவிடத் துளி குறைவாக இருந்தால் போதும், சில பாஸ்கல் வித்தியாசம். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குகிறார்கள். சூடான காற்று மேலே ஏறி மாடி இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப, தளத்தின் விரிசல், குழாய் இறங்கும் துளை, சுவரும் தரையும் சேரும் மூலை வழியாக மண்காற்று உறிஞ்சப்படுகிறது. அதாவது வீடே ஒரு புகைபோக்கிபோல மண்ணை உறிஞ்சுகிறது. குளிருக்குக் கதவு சன்னல் எல்லாம் அடைத்து வேறு வைத்திருப்பார்கள். வந்த ரேடான் போக வழியில்லாமல் நாள்கணக்கில் சேரும். நாலு நாள் என்ற ஆயுள் அதற்குத் தாராளம்.

இது எவ்வளவு தூரம் போகலாம் என்பதை உலகம் தெரிந்துகொண்டது 1984 டிசம்பரில். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் அணுமின் நிலையம் கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. அங்கே பொறியாளராக இருந்த ஸ்டான்லி வாட்ரஸ், கதிரியக்கச் சோதனை வாயிலைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. உலையில் இன்னும் மின் உற்பத்தியே தொடங்கவில்லை. கடைசியில், அவர் வெளியே போகும்போது இல்லை, வேலைக்கு உள்ளே வரும்போதே மணி அடிக்கிறது என்று தெரிந்தது. கதிரியக்கத்தை அவர் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்! வீட்டை அளந்தார்கள். கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பெக்கரல், ஒரு யுரேனியச் சுரங்கத்தில்கூட அனுமதிக்க முடியாத அளவு. சின்னக் குழந்தைகளோடு அந்தக் குடும்பம் அங்கேதான் தூங்கி எழுந்துகொண்டிருந்தது. ரீடிங் முனை என்று சொல்லப்படும், யுரேனியம் செறிந்த பாறைத்தொடரின் மேல் அந்த வீடு நின்றது. குடும்பத்தை வெளியேற்றி, தளத்துக்கு அடியிலிருந்து மண்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு வைத்து, அதே வீட்டைச் சரிசெய்து திரும்பக் குடிவைத்தார்கள். சுரங்கத்து நோய் என்று நினைத்திருந்ததை வீட்டு நோயாகப் பார்க்க வைத்தது அந்த ஒரு வீடுதான்.

அதற்காக எல்லா வீட்டையும் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் கார்ன்வால் கிரானைட் நிலம், ரேடான் அதிகம். ஸ்வீடனில் யுரேனியம் கலந்த படிகாரக் களிப்பாறையைக்கொண்டு 1929 முதல் 1975 வரை நீலக் கான்கிரீட் என்று ஒரு கட்டுமானப் பொருளையே செய்து வீடுகட்டினார்கள். அங்கே சுவரே ரேடானை விடுகிறது. சுண்ணாம்புப் பாறையில் யுரேனியம் அதிகம் இல்லாவிட்டாலும், குகையும் விரிசலுமாக இருப்பதால் தூரத்து ரேடான்கூட ஓடிவந்துவிடும். பாறையில் எவ்வளவு யுரேனியம் என்பது பாதிக் கதை, வழி எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மீதிக் கதை. அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் பத்து மடங்கு வித்தியாசம் வருவதும் உண்டு. அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி, அது என்ன செய்கிறது? மூச்சில் இழுத்த ரேடானில் பெரும்பகுதி அப்படியே திரும்ப வெளியே வந்துவிடும், மந்த வாயுதானே. கேடு விளைவிப்பது அதன் பிள்ளைகள். ரேடான் அணு சிதைந்தால் பொலோனியம்-218, அரை ஆயுள் 3 நிமிடம். அடுத்து ஈயம்-214, 27 நிமிடம். பிஸ்மத்-214, 20 நிமிடம். பிறகு பொலோனியம்-214, ஒரு நொடியின் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இவை வாயு இல்லை, மின்னேற்றம் கொண்ட உலோக அணுக்கள். பிறந்தவுடன் தூசியில், புகையில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசியோடு மூச்சுக்குழாய்க் கிளைகளில் படியும். மூச்சுக்குழாய்ச் சளி தூசியை மேலே தள்ளி வெளியேற்ற மணிக்கணக்கில் ஆகும். ரேடானின் பிள்ளைகளோ ஒரு மணி நேரத்துக்குள் சிதைந்து முடிந்துவிடுகின்றன. உடம்பு சுத்தம் செய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வெளியே இருக்கும் ஆல்ஃபா துகள் நம்மை ஒன்றும் செய்யாது, தோலின் மேல் உள்ள இறந்த அடுக்கே தடுத்துவிடும். காற்றிலேயே சில சென்டிமீட்டர்தான் போகும். ஆனால் மூச்சுக்குழாயின் உட்பரப்பில் ஒட்டிக்கொண்டு வெடித்தால், அது பாயும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, கொஞ்சம் முன்னே பின்னே. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் உயிரணுக்கள் சரியாக அந்த ஆழத்தில்தான் இருக்கின்றன. ஒரே துகள், ஒரு உயிரணுவின் மரபுப்பொருளின் இரண்டு இழைகளையும் அறுத்துவிட முடியும். எப்போதாவது ஒன்று தவறாக ஒட்டுப்போட்டுக்கொண்டு புற்றாக மாறும், பல வருடம் கழித்து.

இதற்கு விலை கொடுத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் நடுவில் உள்ள தாது மலைகளில், ஷ்னீபெர்க்கிலும் யாகிமோவிலும், பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளிலிருந்து வெள்ளி தோண்டினார்கள். 1556இல் வெளியான அக்ரிகோலாவின் சுரங்க நூல், கார்பாத்திய மலைச் சுரங்க ஊர்களில் ஏழு கணவர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததாகச் சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு என்னால் சாதாரணமாக அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அந்தச் சாவுகளில் கல்தூசிக்கும் காசநோய்க்கும் பங்கு இருந்திருக்கும். ஆனால் ஷ்னீபெர்க் தொழிலாளர்களின் நோய் நுரையீரல் புற்று என்று 1879இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்ற இரண்டு மருத்துவர்கள் காட்டினார்கள். அப்போது ரேடானும் தெரியாது, கதிரியக்கமும் தெரியாது. கியூரி தம்பதியர் ரேடியத்தைப் பிரித்தெடுத்ததும் இதே யாகிமோவ் தாதுவின் கழிவிலிருந்துதான்.

மன்னிக்க முடியாதது பின்னால் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் அணு ஆயுதத்துக்காக யுரேனியம் தோண்டினார்கள். அங்கே வேலைபார்த்தவர்களில் நவஹோ பழங்குடி மக்கள் ஏராளம். ஐரோப்பியச் சுரங்க அனுபவம் கண்முன்னால் இருந்தது. 1951இல் வில்லியம் பேல், நுரையீரலைத் தாக்குவது ரேடான் வாயு இல்லை, அதன் சிதைவுப் பிள்ளைகளே என்று சுட்டிக்காட்டியும் விட்டார். காற்றோட்டம் வைத்தால் குறையும் என்பதும் தெரியும். 1950இல் தொடங்கி அரசு சுகாதாரத் துறையே இந்தத் தொழிலாளர்களைப் பரிசோதித்தது. ஆனால் அவர்களிடம் ஆபத்தைச் சொல்லவில்லை. நஷ்டஈட்டுச் சட்டம் 1990இல் வந்தது. ஒரு விசிறி செய்திருக்கக்கூடிய வேலைக்கு எத்தனை உயிர்கள்!

வீட்டு அளவில் ஆபத்து எவ்வளவு என்றால், ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2005இல் வெளிவந்த கணக்கு தெளிவானது. நீண்டகாலச் சராசரியில் கன மீட்டருக்கு ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்று வாய்ப்பு 16 விழுக்காடு கூடுகிறது. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் எதன்மேல் 16 விழுக்காடு என்று பார்க்கவேண்டும். புகைபிடிக்காதவருக்கு 75 வயதுக்குள் அந்தப் புற்றால் இறக்கும் வாய்ப்பு, ரேடானே இல்லாவிட்டால் ஆயிரத்தில் 4. வீட்டில் 400 பெக்கரல் இருந்தால் ஆயிரத்தில் 7. புகைபிடிப்பவருக்கோ அதே இரண்டு நிலைகளில் ஆயிரத்தில் 100, 160. ஆகவே வீட்டில் பீடி, சிகரெட் பிடித்துக்கொண்டு ரேடானைப் பற்றிக் கவலைப்படுபவருக்கு நான் முதலில் சொல்வது எது என்று ஊகிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் 100 பெக்கரலுக்குள் வைக்கப் பாருங்கள், முடியாவிட்டால் 300ஐத் தாண்ட விடாதீர்கள் என்றது. அமெரிக்காவில் 148ஐத் தாண்டினால் சரிசெய்யச் சொல்கிறார்கள். மொத்த நுரையீரல் புற்றில் நாட்டுக்கு நாடு 3 முதல் 14 விழுக்காடு வரை ரேடானால் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. ஒரு மனிதர் ஆண்டுக்குப் பெறும் இயற்கைக் கதிர்வீச்சில் ஏறக்குறைய பாதி ரேடானிடமிருந்துதான் வருகிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

இதே வாயுவை மருந்தென்று சுவாசிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் பாட் காஸ்டைன் மலைக்குகை, ஜப்பானின் மிசாசா வெந்நீர் ஊற்று, அதே யாகிமோவ். மூட்டு வலிக்கு ஆறுதல் கிடைக்கிறது என்கிறார்கள். வலி குறையலாம், வெந்நீரும் ஓய்வும் மட்டுமே அதைச் செய்யக்கூடும். புற்றுநோய் உண்டாக்கும் என்று 1988லேயே உலக அளவில் உறுதியாக வகைப்படுத்தப்பட்ட ஒன்றைத் தேடிப்போய் இழுக்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நிலநடுக்கத்துக்கு முன்னால் கிணற்று நீரில் ரேடான் கூடும் என்பதும் அடிக்கடி வரும் செய்தி. 1966 தாஷ்கண்ட் நிலநடுக்கத்தின்போது ஆழ்கிணற்றில் அப்படிப் பார்த்தார்கள், அதனால் ஆசை பிறந்தது. மழை, காற்றழுத்தம், நிலத்தடி நீர்மட்டம் எல்லாமே ரேடானை ஏற்றி இறக்குவதால், நம்பி முன்னறிவிப்புச் சொல்லும் நிலை இன்றுவரை வரவில்லை.

அப்புறம், உங்கள் கிரானைட். கிரானைட்டில் யுரேனியம் சாதாரண மண்ணைவிடக் கொஞ்சம் அதிகம் என்பது உண்மை. ஆனால் முன்பு சொன்ன உதையை நினைத்துப் பாருங்கள். மெருகேற்றிய, இறுக்கமான பலகையில் விளிம்பை ஒட்டிப் பிறப்பது மட்டும்தான் வெளியே வரும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பலகைக்கும், வீட்டுக்கு அடியில் உள்ள டன் கணக்கான மண்ணுக்கும் ஒப்பீடே கிடையாது. அடுப்படி வேறு சன்னல் திறந்து, புகை போக விசிறி ஓடும் இடம். மேடையை உடைக்க வேண்டாம், நிம்மதியாகச் சமையுங்கள்.

சன்னல் திறந்து, விசிறி போட்டு, காற்று ஊடுபோக வாழ்கிற நம் ஊர் வீட்டில் ரேடானுக்குச் சேர நேரம் கிடைப்பதில்லை. எனக்குக் கவலை தருவது வேறு வகை வீடு. தரைத்தளத்தில் அல்லது நிலத்துக்கடியில் படுக்கையறை, இரவெல்லாம் ஏசி, சன்னலுக்கு இறுக்கமான கண்ணாடி, தூசி வரக்கூடாதென்று பகலிலும் திறப்பதில்லை. சாதாரண வீட்டு ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அப்படிப்பட்ட அறையைக் காலையிலும் மாலையிலும் நன்றாகத் திறந்துவிடுங்கள். தரை விரிசலையும் குழாய் இறங்கும் துளைகளையும் பூசி அடைத்துவிடுங்கள். அடைப்பதால் மட்டும் தீராது, ரேடான் அடுத்த இடுக்கைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் காற்றோட்டத்தோடு சேர்ந்தால் பலன் தெரியும். அளவு மிக அதிகம் என்று அளந்து தெரிந்த வீட்டுக்குத்தான் தளத்தில் துளையிட்டு, அடியில் உள்ள காற்றை ஒரு குழாயும் சிறு விசிறியும் வைத்துக் கூரைக்கு மேல் விடும் ஏற்பாடு தேவை. வாட்ரஸ் வீட்டைக் காப்பாற்றியது அதுதான்.

அளக்க விரும்பினால், ஆல்ஃபா துகள் பட்டால் தழும்பு விழும் சிறு பிளாஸ்டிக் வில்லை ஒன்றைப் படுக்கையறையில் மூன்று மாதம் வைப்பார்கள். பிறகு அதைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் தழும்புகள் பெரிதாகி நுண்ணோக்கியில் தெரியும், அவற்றை எண்ணிக் கணக்கிடுவார்கள். ஓரிரு நாள் அளவை நம்பவேண்டாம். ரேடான் இரவில் ஏறும், பகலில் இறங்கும், மழைக்காலத்துக்கும் கோடைக்கும் மாறும். அந்த வில்லையை விசிறிக்கு நேர் கீழேயோ சன்னல் ஓரத்திலோ வைக்காமல், நீங்கள் தூங்கும்போது மூச்சுவிடும் உயரத்தில், கட்டில் பக்கத்தில் வையுங்கள்.